நிறத்துக்குப் பக்கத்து நிறம்

(மயிலாப்பூரில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எண்ணெய் வண்ணத்தில் தீட்டிய பூ ஓவியத்தை எப்படி ரசிப்பது என்பது இன்றைய பேச்சு. மயிலாப்பூரில் நின்றுகொண்டு இதைப் பேசுவதில் ஒரு தர்மசங்கடம் இருக்கிறது. நாலடி நடந்தால் மாட வீதி. மல்லி, முல்லை, கனகாம்பரம், சம்பங்கி, சாமந்தி, அரளி, மரிக்கொழுந்து என்று கூடை கூடையாகப் பூ. மணமும் உண்டு, முழம் போட்டுக் கொடுக்க ஆளும் உண்டு. இத்தனை இருக்க, மணமில்லாத, தலையில் சூட முடியாத, சாமிக்குச் சாத்த முடியாத ஒரு பூவைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டி, அதன் முன்னால் கைகட்டி நிற்பானேன்? நியாயமான கேள்வி. படத்திலுள்ள பூ நிஜப் பூவுக்கு மாற்று என்று எடுத்துக்கொண்டால் இதற்குப் பதிலே கிடையாது, பூக்காரம்மாதான் ஜெயிப்பார். ஆகவே அந்த வழியில் வாதாடப் போவதில்லை. நான் சொல்ல வருவது இதுதான்: அப்படிப்பட்ட படத்தில் பார்க்க வேண்டியது, ஒரு நிறம் தன் பக்கத்து நிறத்தை என்ன செய்கிறது என்பதை. பூ அதற்கு ஒரு சாக்கு; அருமையான சாக்கு. இதைப் பார்க்கத் தேவையான கண் சென்னைக்காரர்களிடம் ஏற்கெனவே நன்றாகத் தேர்ந்திருக்கிறது. ஓவியத்தின் முன்னால் வரும்போது மட்டும் அதைச் செருப்போடு வாசலில் விட்டுவிட்டு வந்துவிடுகிறோம்.

அந்தக் கண் எங்கே தேர்ந்தது என்று கேட்டால், தி. நகரைக் காட்டுவேன். பட்டுக்கடையில் புடவை எடுக்கிறவர் தனி நிறம் ஒன்றை வாங்குவதில்லை. உடலைப் பார்த்தவுடன் கரையைப் பார்க்கிறார், கரையைப் பார்த்தவுடன் முந்தானையை விரிக்கச் சொல்கிறார். அரக்குக்குப் பச்சைக் கரை போட்டால் அரக்கு எடுப்பாகத் தெரிகிறது. அதே அரக்குக்கு மாம்பழ மஞ்சள் கரை போட்டால் ஒரு படி கறுத்துப்போகிறது. சாயத்தொட்டி ஒன்றுதான், நூல் ஒன்றுதான். மாறியது பக்கத்து நிறம். காஞ்சிபுரத்து நெசவாளர் கோர்வை போட்டு உடலையும் கரையையும் வெவ்வேறு நிறத்தில் கோத்து நெய்வதன் முழுப் பயனும் இந்த மாற்றத்தில் இருக்கிறது. பாவுக்கு ஒரு நிறமும் ஊடைக்கு ஒரு நிறமும் கொடுத்து மயில்கழுத்தை வரவழைப்பதும் இதே கலைதான். எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரால் ஒரு நீலத்தையே நினைவில் வைத்திருக்கிற ஊர் இது. கடைசியில் ஒரு காரியம் நடக்கும், கவனித்திருப்பீர்கள்: தேர்ந்தெடுத்த புடவையை விளக்கடியில் நம்பாமல் கடை வாசலுக்கு எடுத்துப்போய் வெயில் வெளிச்சத்தில் பார்ப்பார்கள். ஒளி மாறினால் நிறங்களுக்குள் இருக்கும் உறவும் மாறும் என்று தெரிந்தவர்கள் செய்கிற காரியம் இது. ஓவியக் கண்காட்சியில் இத்தனை கறாராகப் பார்க்கிறவர்கள் அபூர்வம்.

பட்டுக்கடை அறிவை ஓவியத்துக்குக் கொண்டுபோவது வலிந்து இழுத்த பொருத்தம் என்று சிலருக்குத் தோன்றலாம். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. பாரிஸ் நகரத்துக் கோப்லான் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவுக்கு 1824-இல் தலைமையேற்றவர் செவ்ரல் என்ற வேதியியலாளர். கறுப்பு நூல் சரியாகக் கறுக்கவில்லை என்று அவரிடம் புகார் வந்தது. வேறு இடங்களில் சாயமேற்றிய கறுப்பு நூல்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்; சாயத்தில் குறையே இல்லை. அந்தக் கறுப்பின் அருகே நீலமோ ஊதாவோ வரும்போதுதான் அது வலுவிழந்து தெரிந்தது. இதிலிருந்து தொடங்கி, அடுத்தடுத்து நிற்கும் நிறங்கள் ஒன்றையொன்று எப்படி மாற்றுகின்றன என்பதை விதிகளாக வகுத்து 1839-இல் பெரிய நூலாக வெளியிட்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஓவியர்கள் பலருக்கு அது பாடநூல் ஆயிற்று. ஆக, அந்த நூற்றாண்டு ஐரோப்பிய ஓவியத்தின் நிறக் கொள்கையில் ஒரு பெரும் பங்கு சாயப் பட்டறையிலிருந்து எழுந்தது. வான்கோவைப் பாருங்கள். வண்ணக் கம்பளி நூல் உருண்டைகளை ஒரு பெட்டியில் வைத்திருந்தார். இரண்டு மூன்று இழைகளைச் சேர்த்து முறுக்கி, எந்த நிறத்தோடு எது பேசும் என்று சோதித்தார். அந்தப் பெட்டி ஆம்ஸ்டர்டாமில் அவர் பெயரில் உள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1886-இல் பாரிஸில் மாதிரிக்கு அமரும் ஆளுக்குக் கூலி கொடுக்க வழியில்லாமல் அவர் வரிசையாகப் பூ ஓவியங்களாகத் தீட்டித் தள்ளினார். நீலத்துக்கு எதிரே ஆரஞ்சு, சிவப்புக்கு எதிரே பச்சை, மஞ்சளுக்கு எதிரே ஊதா என்று நிறங்களை மோதவிட்டுப் பார்ப்பதே அப்போது அவர் நோக்கம். அதைத் தம் கடிதத்தில் எழுதியும் வைத்தார்.

அந்தப் பயிற்சியின் பலன்தான் 1888 ஆகஸ்டில் ஆர்ல் நகரில் தீட்டிய சூரியகாந்திகள். நாட்காட்டியிலும் சாப்பாட்டு மேசை விரிப்பிலும் பார்த்துப் பார்த்து நமக்கு அலுத்துப்போன படம். லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் உள்ளதை எடுத்துக்கொள்வோம். சுவர் மஞ்சள், மேசை மஞ்சள், ஜாடி மஞ்சள், பூவும் மஞ்சள். எதிர்நிறமே கொடுக்காமல் மஞ்சளை மஞ்சளின் மேல் வைப்பது பைத்தியக்காரத்தனம். எல்லாம் ஒன்றோடொன்று கரைந்து கூழாகிவிட வேண்டும். ஆகவில்லை. ஒரு மஞ்சள் எலுமிச்சைப் பக்கம் சாய்கிறது, இன்னொன்று காவிப் பக்கம். அந்தச் சின்ன வேறுபாட்டைக் கண்டுபிடிக்கிற அளவுக்கு நம் பார்வை கூர்மையடைகிறது. பிறகு மேசை விளிம்பிலும் ஜாடியின் இடுப்பிலும் மெல்லிய நீலக் கோடு ஒன்று ஓடுகிறது. அதை விரலால் மறைத்துக்கொண்டு பார்த்தால் ஜாடி மேசையில் உட்காராது. அத்தனை மஞ்சளையும் தாங்குவது அந்தக் கொஞ்சம் நீலம். படத்தில் எத்தனை பூ என்று எண்ணிவிட்டு நகர்ந்துவிட்டால், இந்த வேலை கண்ணில் படாமலே போய்விடும்.

எண்ணெய் வண்ணம் ஏன் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆளிவிதை எண்ணெயில் நிறப்பொடியைக் குழைப்பார்கள். அந்த எண்ணெய் தண்ணீரைப் போல ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்ஸிஜனை வாங்கி மெல்ல மெல்ல இறுகுகிறது. அதனால் ஓவியருக்குக் கையில் நேரம் இருக்கிறது. ஈரத்தின் மேல் ஈரமாக இரு நிறங்களை விளிம்பில் இழைக்கலாம். காய்ந்த பூச்சின் மேல் கண்ணாடி போன்ற மெல்லிய பூச்சை ஏற்றலாம். டச்சு ஓவியர்களின் சிவப்பு ரோஜாவில் நாம் காணும் ஆழம் இப்படி வந்தது. ஒளி மேற்பூச்சுக்குள் புகுந்து அடிப்பூச்சில் பட்டு, நிறமேறித் திரும்பி வருகிறது. இன்னொரு பக்கம், வண்ணத்தைத் தடிப்பாக அப்பினால் அந்தத் தடிப்பே தனக்கு நிழல் போட்டுக்கொள்கிறது. அச்சுப் பிரதியில் இரண்டுமே வராது. தள்ளி நின்று ஒரு தரம், கிட்டப் போய் ஒரு தரம், பக்கவாட்டில் ஒளி சாயும் கோணத்தில் ஒரு தரம் என்று மூன்று இடத்திலிருந்து பார்க்கச் சொல்வது பந்தாவுக்கு அல்ல. ஒவ்வொரு இடத்திலிருந்தும் வேறு படம் தெரியும்.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். முதல் மறுப்பு, ஜாடியில் பூ வைத்து வரைவது வெள்ளைக்காரன் சரக்கு, நமக்கு அதில் என்ன வேலை என்பது. ஜாடி அந்நியம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பூக்களை நிறத்துக்கு நிறம் அடுக்கி ஒரு பரப்பில் தீட்டுவது இந்தக் கரைக்கு அந்நியமா? டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் 1613-இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690-இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களுக்கு அதுவே தலைமையிடம். அவர்களுக்கு முன்பே போர்த்துக்கீசியர் காலத்துச் சாந்தோமிலிருந்து மலாக்காவுக்குத் துணி போய்க்கொண்டிருந்தது. டச்சுக் கப்பல்கள் இங்கிருந்து ஏற்றிப்போன சரக்கில் முக்கியமானது பூ வேலை செய்த சாயத்துணி. அதே ஆண்டுகளில், டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கிளை இருந்த மிடில்பர்க் நகரில் அம்புரோசியஸ் போஸ்ஷார்ட் ஜாடிப் பூக்களை எண்ணெய் வண்ணத்தில் தீட்டிக்கொண்டிருந்தார். சுமார் 1618-இல் அவர் தீட்டிய ஒரு படத்தில், வெவ்வேறு பருவத்தில் பூக்கும் பூக்கள் ஒரே ஜாடியில் நிற்கின்றன. சன்னல் திண்டில் தூரக் கடலின் சிப்பிகள் கிடக்கின்றன. கப்பல் வணிகம் கொழித்த நாட்டில் பிறந்த படம் என்று பார்த்தவுடன் தெரியும். ஒரு கலை மற்றதைப் பெற்றது என்று நான் சொல்லவில்லை. ஒரே வணிகத்தின் இரு முனைகளில், ஒரே சமயத்தில், பூவை நிறமாக்கும் இரண்டு தொழில்கள் நடந்தன என்பது மட்டும் உறுதி.

அந்த இரண்டு தொழில்களுக்கும் நேர்ந்த ஒரே விபத்து என் வாதத்துக்குப் பெரிய சாட்சி. நம் சாயக்காரர்கள் துணியைக் கடுக்காயிலும் எருமைப்பாலிலும் நனைத்துப் பதப்படுத்தி, படிகாரம் தொட்டுக் கோலம் போட்டு, சாயவேரில் கொதிக்கவைத்துச் சிவப்பை எடுத்தார்கள். நீலத்துக்கு அவுரி. பச்சைக்குத் தனிச் சாயம் கைவசம் இல்லை. நீலத்தின் மேல் மஞ்சளைத் தடவினால் பச்சை. சாயவேர்ச் சிவப்பும் அவுரி நீலமும் முந்நூறு ஆண்டு நின்றன. மஞ்சள் நிற்கவில்லை. இன்று உலக அருங்காட்சியகங்களில் உள்ள பழைய சோழமண்டலத் துணிகளில் இலைகள் நீலமாக இருப்பது அதனால்தான். டச்சுக்காரர்களின் எண்ணெய் ஓவியத்திலும் இதே கதை. செடியிலிருந்து எடுத்த மஞ்சளை நீலத்தின் மேல் பூசி இலைப் பச்சை செய்தார்கள். மஞ்சள் வெளுத்துப்போக, பூ ஓவியர் யான் வான் ஹைசமின் படங்களில் பல இலைகள் நீலித்துக் கிடக்கின்றன. இலைதானே என்று விட்டுவிட முடியாது. பச்சை இருந்தபோது அதன் அருகே துடித்த சிவப்பு, நீலத்தின் அருகே வேறு சிவப்பாகிவிட்டது. ரோஜாவை யாரும் தொடவில்லை, ஆனாலும் ரோஜா மாறிவிட்டது. வான்கோவின் குரோம் மஞ்சளும் ஒளி பட்டுப் பட்டுப் பழுப்பேறுகிறது என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஒரு நிறம் போனால் மற்ற எல்லா நிறமும் இடம் பெயர்கின்றன. நிறம் பூவுக்குச் சொந்தமான சொத்து என்றால் இப்படி நடக்க வாய்ப்பில்லை.

செடியியல் படங்களோடு வைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். கதீட்ரல் சாலையில் தோட்டம் வைத்திருந்த வேளாண் தோட்டக்கலைச் சங்கம் 1835-இல் தோன்றியது. அந்தக் காலத்துச் சென்னையில் செடிகளை ஆராய்ந்த ராபர்ட் வைட் என்பவர் ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு இந்திய ஓவியர்களை வைத்துச் செடிகளை வரையச் செய்தார். அபாரமான கை அவர்களுடையது. கோவிந்துவின் பெயரை வைட் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே வைத்தார். அந்தப் படங்களில் செடி வெள்ளைத் தாளில் தனியாக நிற்கும். பக்கத்தில் எதுவும் கிடையாது, இருக்கவும் கூடாது. இந்தச் செடி எது என்று அடையாளம் காட்டுவதே அதன் வேலை. ஜாடிப் பூ ஓவியம் இதற்கு நேர் எதிர். அதில் பூ தனியாக இருக்கவே முடியாது. இலை, பின்சுவர், மேசைத்துணி, ஜாடியின் நிழல் எல்லாம் அதைத் தொட்டுக்கொண்டிருக்கும். ஓவியத்தின் முன் நின்று இது என்ன பூ என்று மட்டும் கேட்பவர், வைட்டின் ஓவியர்களிடம் கேட்க வேண்டியதை வான் ஹைசமிடம் கேட்கிறார். இத்தனைக்கும் வான் ஹைசம் துல்லியத்தில் யாருக்கும் சளைத்தவர் அல்லர். ஒரு மஞ்சள் ரோஜா கிடைக்காததால் படம் முடியவில்லை என்று வாங்குபவருக்குச் சமாதானம் எழுதியவர். ஒரே படத்தில் 1736, 1737 என்று இரண்டு ஆண்டுகளைப் பொறித்தவர். துல்லியம் அவருக்கு நுழைவாயில் மட்டுமே.

இரண்டாவது மறுப்பு ஓவியர்களிடமிருந்தே வரும்: ஸ்டில் லைஃப் என்பது மாணவர் பயிற்சி, அதில் கதையும் இல்லை, கருத்தும் இல்லை. பிரெஞ்சு அகாதமியின் ஃபெலிபியன் 1667-இலேயே இதற்கு வரிசை எண் போட்டுவிட்டார். வரலாற்று ஓவியம் உச்சியில், உயிரற்ற பொருள் அடியில். நம் ஊரிலும் டிராயிங் லோயர், ஹையர் தேர்வு எழுதியவர்களுக்குப் பொருளை வைத்து வரைவது என்றாலே மதிப்பெண் நினைவுதான் வரும். சென்னை ஓவியக் கல்லூரியில் 1957-இல் முதல்வரான கே.சி.எஸ். பணிக்கரும், 1966-இல் அவரோடு சேர்ந்து சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நிறுவியவர்களும் நமக்கென்று ஒரு நவீன ஓவியம் எது என்று தேடியபோது கோட்டுக்கும் குறியீட்டுக்கும் போனார்கள்; பூ ஜாடிக்கு அங்கே இடமில்லாமல் போனதில் வியப்பில்லை. அந்தத் தேடலை மதிக்கிறேன். ஆனால் அதிலிருந்து, பூ ஓவியம் அடிமைக் கலை என்ற முடிவு வராது. கே.எச். ஆராவை எடுத்துக்கொள்ளுங்கள். செகந்திராபாத்துக்கு அருகே போலாரத்தில் 1914-இல் பிறந்து, சிறுவனாகவே பம்பாய்க்கு ஓடிப்போய், வீட்டு வேலை செய்து கார் துடைத்து வாழ்ந்தவர். உப்புச் சத்தியாகிரகத்தில் சிறை சென்றவர். 1947-இல் சூசா, ரசா, உசேன் ஆகியோரோடு முற்போக்குக் கலைஞர் குழுவைத் தொடங்கிய அறுவரில் ஒருவர். அவர் வாழ்நாள் முழுக்க விடாமல் தீட்டியவற்றில் பூ ஜாடி முக்கியமானது. நீர்வண்ணத்தையே எண்ணெய் வண்ணம் போலத் தடிப்பாக அப்பினார். பிறகு எண்ணெய் வண்ணத்தை மெல்லியதாக்கிக் கையாண்டார். சுதந்திரப் போராளி ஏன் பூவை வரைந்தார் என்று கேட்பவர்கள், போராளிக்குக் கண் கிடையாது என்று நினைக்கிறார்கள் போலும். கதை இல்லாததால்தான் பூ ஜாடி கடினம். ராமனும் சகுந்தலையும் இருந்தால் பாதி வேலையைப் பார்ப்பவரின் நினைவே செய்துவிடும். இங்கே நிறம் தவறினால் ஒளிந்துகொள்ள இடமில்லை.

சகுந்தலை என்றதும் ரவி வர்மா. கூந்தலில் மல்லிகை சூடும் நாயர் பெண்ணை அவர் 1873-இல் தீட்டினார். சென்னையில் ஆளுநரின் தங்கப் பதக்கமும் வியன்னாவில் பாராட்டும் பெற்றுத் தந்த படம். அந்த எண்ணெய் ஓவியத்தில் பூ வந்தது கூந்தலில் ஏறித்தான். நம் வழக்கம் அது. நாம் பூவைக் காம்போடு வைத்துக்கொள்வதில்லை, கிள்ளித் தொடுக்கிறோம். கதம்பத்தில் ஒரு பூவுக்கென்று தனி இருப்பு கிடையாது; வெள்ளை, ஆரஞ்சு, பச்சை என்று நிறக் கொத்துகளாகத்தான் தெரியும். காம்போடு நிற்கும் பூவைக் காட்டும் ஓவியம் நமக்குப் புதிதாக ஒன்று தருகிறது: பூவின் முதுகு. நல்ல டச்சு ஓவியங்களில் ஏதாவது ஒரு பூவாவது நமக்கு முதுகு காட்டி நிற்கும். புல்லிவட்டம், இதழின் வெளுத்த அடிப்பக்கம், காம்பு வளைந்த இடம் எல்லாம் தெரியும். அந்த ஒன்றால்தான் கொத்துக்குப் பின்பக்கம் என்று ஒன்று இருப்பதை நம்புகிறோம். எல்லாப் பூவும் குரூப் போட்டோ போல நம்மைப் பார்த்து நின்றால், ஓவியர் பூவைக் கண்ணால் பார்க்கவில்லை, ஞாபகத்திலிருந்து எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது மறுப்பு இன்று மிகவும் புழங்குவது: கலர்கலராகப் பூ என்றால் அது ஹால் அலங்காரம், அடையாறு அடுக்குமாடியில் சோஃபாவுக்கு மேலே மாட்டுகிற சரக்கு. இதில் உண்மை உண்டு. அப்படி விற்கிற படங்களில் பெரும்பாலானவை மோசம். சோஃபாவுக்குப் பொருந்துமா என்று கேட்பவரை ஏளனம் செய்வதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. நிறம் பக்கத்து நிறத்தோடு உறவு கொள்ளும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. கேள்வியைச் சட்டத்துக்கு வெளியே நிறுத்திவிட்டார், அவ்வளவுதான். உள்ளே கொண்டுவந்தால் அவரே நல்ல விமர்சகர். மோசமான படத்தில் எல்லா நிறமும் ஒரே உரத்த குரலில் கத்தும். கண் ஓய்வெடுக்க ஒரு சாம்பல் நிறம்கூட இருக்காது. நிழல் வேண்டிய இடத்தில் கறுப்பைக் குழைத்துப் பூசியிருப்பார்கள், பூ அழுக்காகிவிடும். நல்ல ஓவியரிடம் மஞ்சள் பூவின் நிழலில் ஊதா இருக்கும், வெள்ளைப் பூவின் நிழலில் பச்சையோ நீலமோ இருக்கும். இலைப் பச்சை குழாயிலிருந்து அப்படியே வந்ததா, பக்கத்துப் பூவின் நிறம் அதில் கொஞ்சம் கலந்திருக்கிறதா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

கடைசியாக ஒரு சோதனை. படத்திலிருந்து பூ என்ற பெயரை மனசுக்குள் எடுத்துவிடுங்கள். மிச்சமிருப்பது நின்றால் அது ஓவியம். சரிந்தால் வெறும் படம். சென்னையில் வாழ்ந்து 2022-இல் மறைந்த அச்சுதன் கூடல்லூர் இந்தச் சோதனையைத் தலைகீழாகச் செய்துகாட்டியவர். பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்து, ஓவியக் கல்லூரி வளாகத்தில் நடந்த ஓவியர் மன்றத்தில் கை பழகி, பிறகு உருவங்களை விட்டுவிட்டுச் சிவப்பும் மஞ்சளும் நீலமும் தம்முள் நடத்தும் பேச்சை மட்டும் எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். அவர் படத்தின் முன்னால் ஒன்றும் புரியவில்லை என்று சொல்பவரும் சூரியகாந்தியின் முன்னால் ஆகா என்பவரும் பெரும்பாலும் ஒரே ஆள்தான். பூ ஓவியத்தை நிறத்துக்காகப் பார்க்கப் பழகியவருக்கு, கூடல்லூரிடம் புரியாதது என்று ஒன்றும் இருக்காது.

கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாதமியின் மண்டல மையம் இருக்கிறது. மாணவர் கண்காட்சிகளும் தனிக் கண்காட்சிகளும் அங்கே நடக்கின்றன. திருவான்மியூர் கலாக்ஷேத்ராவில், பூ வேலைச் சாயத்துணியான கலம்காரிக்கென்றே ஒரு பிரிவு உண்டு. ரவி வர்மாவின் படங்கள் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் தொகுப்பில் உள்ளன. போகிறவர்கள் பெயர்ச்சீட்டைப் படிப்பதற்கு முன்னால் படத்தைப் பாருங்கள். ஏதாவது ஒரு நிறத்தை விரலால் மறைத்து, அதன் அண்டை நிறம் என்ன ஆகிறது என்று பாருங்கள். எழும்பூரில் வெள்ளிக்கிழமை விடுமுறை; மற்ற நாளில் போங்கள்.